தக்காணத்தில் கடன் பத்திரங்களை எரித்தார்கள். தோட்டத்தில் எரிப்பதற்கு என்ன இருந்தது?

கேள்வி: வரலாற்று ஆசிரியை, கொட்டகலை

அனைவருக்கும் வணக்கம். நான் உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு வரலாறு கற்பிக்கிறேன். சென்ற வாரம் 1875 ஆம் ஆண்டின் தக்காணக் கலவரங்களைப் பற்றிப் பாடம் நடத்தினேன். பூனா மாவட்டத்தின் சூபா என்னும் சந்தைக் கிராமத்தில், அவ்வாண்டு மே மாதம் 12 ஆம் திகதி, குடியானவர்கள் வட்டிக்காரர்களின் வீடுகளையும் கடைகளையும் சூழ்ந்துகொண்டு கடன் பத்திரங்களையும் கணக்கேடுகளையும் கேட்டு வாங்கித் தீயிட்டார்கள் என்றும், உயிர்ச்சேதம் மிகக் குறைவாகவே இருந்தது என்றும், அவர்களுடைய கோபம் ஆட்களைவிடக் காகிதத்தின் மீதே பாய்ந்தது என்றும் விளக்கினேன். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், நம்முடைய தேயிலைத் தோட்டங்களிலும் கடன் இருந்ததுதானே, நம்மவர்கள் எரிப்பதற்கு என்ன இருந்தது?" என்று கேட்டாள். நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளிப்போட்டேன். அந்த நாளை இன்னும் வரவில்லை.

பிரித்தானியர் கொண்டுவந்த நீதிமன்றமும் நிலச் சட்டமும் இந்தியக் குடியானவரை வட்டிக்காரரின் கைக்குள் தள்ளின என்று பாடநூலில் படிக்கிறோம். அதே ஆட்சி இங்கே இலங்கையிலும் சட்டங்களை இயற்றியது. இங்கு அவை யாரை யாருடைய கைக்குள் தள்ளின? கண்டிய விவசாயியின் கதையும் தோட்டத் தொழிலாளியின் கதையும் ஒன்றுதானா, வேறு வேறா? விடயம் அறிந்தவர்கள் விளக்கினால் அந்தப் பிள்ளைக்கு ஒழுங்கான பதில் சொல்ல முடியும்.

மறுமொழி: ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், பதுளை

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நொத்தாரிசு (பத்திரங்களைச் சான்றுப்படுத்துபவர்) ஒருவரிடம் முப்பத்தொரு ஆண்டுகள் காணி உறுதிப் பத்திரம் எழுதிய கை இது. வரலாற்றை நான் பத்திரங்களின் வழியாகவே அறிவேன். ஆகவே சூபாவில் எரிந்த பத்திரத்திலிருந்து தொடங்குகிறேன்.

கிராமத்தில் வட்டிக்குக் கொடுப்பவர் எக்காலத்திலும் இருந்திருக்கிறார். ஆனால் வசூல் என்று வரும்போது அவருக்கு ஊரின் இசைவு வேண்டியிருந்தது. விளைச்சல் பொய்த்த ஆண்டில் கடன்பட்டவனின் காளையை அவிழ்த்துக்கொண்டு போனால் ஊர் சும்மா இருக்காது. பிரித்தானிய ஆட்சி இந்த இசைவை வேண்டாததாக்கியது. 1855 ஆம் ஆண்டின் சட்டம் வட்டிக்கு இருந்த உச்சவரம்பை நீக்கியது. 1859 ஆம் ஆண்டின் குடியியல் நடைமுறைச் சட்டம் பத்திரத்தைக் காட்டித் தீர்ப்புப் பெறும் வழியை நேராக்கியது. நில வரியை விளைவில் பங்காகக் கொடுக்காமல் குறித்த தவணைக்குள் பணமாகக் கட்டவேண்டியிருந்ததால், அந்தப் பணத்துக்கே வட்டிக்காரரிடம் போகவேண்டி வந்தது. இவற்றையெல்லாம் உங்கள் பாடநூல் சொல்லியிருக்கும்.

மாணவர்களுக்கு நீங்கள் விரித்துக் காட்டவேண்டியது காலவரையறைச் சட்டத்தைத்தான். அதுவும் 1859 இல் வந்தது. கடன் பத்திரத்தின் ஆயுள் மூன்று ஆண்டு. அதற்குள் வழக்கிடாவிட்டால் பத்திரம் செல்லாது. கடன்பட்டவரைக் காக்கவே இது வந்தது. நடந்ததைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 ரூபா கடன், ஆண்டுக்கு 24 வீதம் வட்டி என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டு முடியும்போது கட்டாத வட்டி 72 ரூபா. "வழக்குக்குப் போகட்டுமா, புதிதாக எழுதித் தருகிறாயா?" என்று வட்டிக்காரர் கேட்பார்; புதுப் பத்திரம் 172 ரூபாவுக்கு எழுதப்படும். அடுத்த மூன்று ஆண்டு முடிவில் அது 295 ரூபா 84 சதம். குடியானவர் கையில் வாங்கியது அதே நூறு ரூபாதான். சூபாவில் எரிந்தவை இப்படிக் குட்டிபோட்ட பத்திரங்கள். 1879 ஆம் ஆண்டின் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம், பத்திரத்தில் எழுதிய தொகையோடு நிற்காமல் அதன் பின்னால் உள்ள கொடுக்கல் வாங்கலைத் தோண்டிப் பார்க்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுத்ததற்கு இதுவே காரணம்.

இனி இலங்கை. வட்டி நிலுவை முதலை விஞ்சலாகாது என்பது ரோம டச்சுச் சட்டத்தின் பழைய விதி. 1852 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் அதை விடவில்லை. ஆனால் அதே கட்டளைச் சட்டம் கடனுறுதிச் சீட்டுகளுக்கு ஆங்கிலச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பழைய சீட்டைக் கிழித்துவிட்டு வட்டியையும் சேர்த்துப் புதுச் சீட்டு எழுதினால் நேற்றைய வட்டி இன்றைய முதலாகிவிடும். பிறகு விஞ்சுவதற்கு வரம்பு எங்கே? காணி விடயத்தில் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டம், நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இல்லாமல் எழுதப்பட்ட விற்பனையும் ஈடும் (அடமானமும்) செல்லாது என்றது. நோக்கம் நல்லது. எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிக்கு அதன் பொருள், வாய்ச்சொல்லால் நடந்த கொடுக்கல் வாங்கல் இனி ஒரு காகிதத்துக்குள் போய்விடும் என்பதும், அந்தக் காகிதத்தைப் படிக்கத் தெரிந்தவர் எதிர்ப்பக்கத்தில் இருப்பார் என்பதுமே.

எங்கள் அலுவலகத்தில் ஒரு தகர மூடிக்குள் ஊதா மை ஊறிய பஞ்சு இருக்கும். கையொப்பமிடத் தெரியாதவரின் இடது பெருவிரலைப் பிடித்து அதில் ஒற்றித் தாளில் உருட்டுவது என் வேலை. ஈடு என்று நம்பி வந்தவர் பெருவிரல் வைத்தது, மீட்கும் நிபந்தனையோடு எழுதப்பட்ட விற்பனை உறுதியில். தவணை தப்பினால் வழக்கே தேவையில்லை, காணி கடன் கொடுத்தவருடையது. உறுதியை வாசித்து விளங்கப்படுத்தினோம் என்று கீழே எழுதுவோம். வாசித்தோம் என்பது உண்மை. விளங்கியதா என்பது அந்தப் பெருவிரலுக்கே வெளிச்சம்.

1918 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டம் அநியாய வட்டிக் கணக்கை மீளத் திறந்து பார்க்க நீதிமன்றத்துக்கு இடமளித்தது. சீட்டில் உண்மையாகக் கைமாறிய முதலையும் வட்டி வீதத்தையும் எழுதவேண்டும் என்றது. 1941 இல் கடன் இணக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. தக்காணத்துக்கு நான்கே ஆண்டில் கிடைத்த மருந்து இங்கு வரக் காலம் பிடித்தது. அங்கே மருந்துக்கு முன் ஒரு தீ இருந்தது என்பதையும் சொல்லவேண்டும்.

மறுமொழி: தோட்டக் கணக்கேடுகளைப் படிப்பவர், லிந்துலை

பதுளை ஐயா சொன்னவை யாவும் காணி உள்ளவரின் கடனைப் பற்றியவை. ஆசிரியையின் மாணவி கேட்டது காணி இல்லாதவரின் கடனைப் பற்றி. ஈடு வைக்க நிலம் இல்லாதவருக்கு ஒருவர் எதை நம்பிக் கடன் கொடுப்பார்? அவருடைய உழைப்பை நம்பித்தான். அப்படியானால் அந்த உழைப்பு எங்கும் போய்விடாமல் பிடித்து வைக்கச் சட்டம் வேண்டும். மலையகத்தில் அந்தச் சட்டம் 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டம்.

கடன் தோட்டத்தில் தொடங்கவில்லை. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பண்ணையாருக்குக் கடன்பட்டுக் கிடந்தவரிடம் கங்காணி (ஆள் சேர்த்து வந்து தோட்டத்தில் வேலை வாங்குபவர்) போய் முன்பணம் கொடுப்பார். பழைய கடனை அடைக்கவும், வழிச்செலவுக்கும், வீட்டில் விட்டுவரும் முதியவர்களுக்கும் அது போகும். பெரட்டுக் களத்தில் (காலையில் ஆட்களைக் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்தில்) முதல்நாள் பெயர் பதியும்போதே அந்த ஆளின் பெயருக்கு எதிரே ஒரு தொகை நிற்கும். அதன் மேல் தோட்டம் கொடுத்த அரிசி, கம்பளி, கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாங்கிய சில்லறை எல்லாம் ஏறும்.

சட்டத்தின்படி அவர் அடிமையல்லர். ஒப்பந்தம் மாதத்துக்கு மாதம். ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்தால் விலகலாம். அறிவிப்பின்றிப் போனால் அது குற்றம். பொலிஸ் நீதிமன்றத்தில் நிறுத்தி மறியலுக்கு (சிறைக்கு) அனுப்பலாம். கொழும்பில் ஒரு வியாபாரி வாக்குத் தவறினால் அது குடியியல் வழக்கு. லிந்துலையில் ஒரு கொழுந்து பறிப்பவர் வேலையை விட்டால் அது குற்றவியல் வழக்கு. கடனைத் திருப்பிக் கொடுக்காதது குற்றம் என்று அந்தச் சட்டம் எங்கும் சொல்லவில்லை, சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. கடன் தீராதவரைத் துரை (தோட்டத்தின் மேலாளர்) விடுவிக்கமாட்டார், விடுவிப்பு இல்லாதவரை அடுத்த தோட்டம் எடுக்காது, சொல்லாமல் போனால் மறியல்.

இந்த இடத்தில்தான் துண்டு வருகிறது. ஒரு கங்காணி தன் ஆட்களோடு வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால் துரை ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார். இன்ன கங்காணியின் ஆட்கள் இத்தனை பேர், அவர்கள் பேரில் உள்ள கடன் இவ்வளவு, இன்ன திகதிக்குள் அதைச் செலுத்துகிறவருக்கு ஆட்களை விடுவிப்பேன் என்பது அதன் சாரம். கங்காணி அதை மடியில் கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேரம் பேசுவார். நாற்பது ஆட்கள், கடன் 1,600 ரூபா என்று வையுங்கள். ஆள் தட்டுப்பாடுள்ள தோட்டம் ஒன்று 2,000 ரூபா கொடுக்கும். 1,600 பழைய தோட்டத்துக்குப் போகும், 400 கங்காணியின் கையில் நிற்கும், புதுத் தோட்டத்தின் ஏட்டிலோ கடன் 2,000 என்று விழும். ஆள் ஒன்றுக்கு 40 ரூபாவாக இருந்த கடன் 50 ரூபா ஆகிவிட்டது. அந்த ஆளுக்குக் கிடைத்தது ஒரு புதிய லயத்துக் காம்பரா (வரிசை வீட்டு அறை).

பதுளை ஐயாவின் நூறு ரூபாக் கணக்கோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். தக்காணத்தில் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பத்திரம் புதுப்பிக்கப்பட்டபோது கடன் வளர்ந்தது. இங்கே ஆட்கள் இடம் மாறும்போதெல்லாம் வளர்ந்தது. அங்கே காகிதத்தின் மறுமுனையில் ஒரு வயல் இருந்தது. இங்கே ஒரு குடும்பம் இருந்தது.

ஆகவே உங்கள் மாணவிக்கு என் பதில்: எரிப்பதற்குக் காகிதம் இருந்தது. ஆனால் அது தொழிலாளியின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கவில்லை. துரையின் பெட்டியிலும் பெரிய கங்காணியின் மடியிலும் இருந்தது. அது மட்டுமல்ல. ஒரு தோட்டத்தை விட்டு வெளியேறுவதற்கு இருந்த வழியும் அந்தத் துண்டுதான். சூபாக் குடியானவர் பத்திரத்தை எரித்தால் அவருடைய வயலில் அவர் நிற்கலாம். நம்மவர் துண்டை எரித்திருந்தால் வாசற்கதவைத்தான் எரித்திருப்பார்கள்.

1921 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டு முறையைத் தடைசெய்தது. மறியல் தண்டனையும் அதே காலத்தில் நீங்கியது. துரைமார் மனம் இரங்கியதால் இது நடந்தது என்று எழுதியவர்களும் உண்டு. இந்திய அரசாங்கம் குடியகல்வுக்குக் கடும் நிபந்தனைகள் விதிக்கப்போகிறது என்பது அப்போது தெரிந்திருந்தது. அதன் குடியகல்வுச் சட்டம் 1922 இல் வந்தது. ஆட்கள் வரும் வழி அடைபட்டுவிடக் கூடாதே என்ற கவலையையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

மறுமொழி: மரக்கறிச் செய்கையாளர், இராகலை

நான் படித்தது சாதாரண தரம் மட்டுமே, தவறிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியை கண்டிய விவசாயியைப் பற்றியும் கேட்டிருந்தார். எங்கள் இராகலை, வலப்பனைப் பகுதிக்குள் வருகிறது. வலப்பனையின் கதையை இந்த இழையில் யாரும் இன்னும் சொல்லவில்லை.

நெல்லுக்கு விளைவில் பத்தில் ஒன்று என்ற வரி முன்பிருந்தே இருந்தது. 1878 ஆம் ஆண்டின் தானிய வரிச் சட்டத்துக்குப் பின் அதை ஆண்டுதோறும் பணமாகக் கட்டுவது கட்டாயமாயிற்று. மழை பொய்த்தாலும் தொகை தொகைதான். கட்டாவிட்டால் வயல் ஏலத்துக்குப் போகும். அதற்கு முன் கிராமத்து மக்கள் வீட்டுத் தோட்டத்தில் கோப்பி வைத்திருந்தார்கள், அதை விற்றால் வரிக்குக் காசு வந்தது. 1869 இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. 1880 களில் கோப்பி அடியோடு போயிற்று. பணமாகக் கேட்கும் சட்டம் வந்த கையோடு பணம் தரும் பயிர் செத்துவிட்டது. நுவரெலியாவில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெ மெசூரியர், வலப்பனையில் வரி நிலுவைக்காக வயல்கள் விற்கப்பட்டதையும் மக்கள் பட்டினியால் செத்ததையும் அரசாங்கத்துக்கே எழுதினார். நெல் வரி 1892 இல் நீக்கப்பட்டது.

சேனை (காட்டை வெட்டி எரித்துச் செய்யும் பயிர்) செய்யும் வழியும் அடைபட்டிருந்தது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் உரிமை நிரூபிக்கப்படும் வரை முடிக்குரியவை என்றது. கண்டிப் பகுதியில் சேனை நிலமும் சன்னசு (அரசர் கொடுத்த காணிப் பட்டயம்) முதலிய சான்று இல்லாவிட்டால் அதே கணக்கில் விழுந்தது. வயல் கைவிட்டால் சேனை என்றிருந்த மனிதருக்கு இரண்டும் இல்லாமல் போனால் அவர் போகுமிடம் கடைத்தெருவில் கடன் கொடுப்பவரின் வாசல்தானே.

பக்கத்துக் கிராமத்தில் எனக்குக் கிழங்கு விதை தரும் சிங்களப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். தோட்டம் எங்கள் காணியை விழுங்கியது, நீங்கள் அந்தத் தோட்டத்தோடு வந்தீர்கள் என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்துக்கொண்டே, விழுங்கியது எங்கள் வயிற்றுக்கும் போகவில்லையே ஐயா என்றேன். அதன் பிறகு தேநீர் கொடுத்தார்.

என் சொந்த அனுபவம் ஒன்று. லீக்ஸும் கரட்டும் போடும் துண்டு நிலத்துக்கு என்னிடம் உறுதி இல்லை. என் தகப்பனாரிடமும் இல்லை. விதைக்கும் உரத்துக்கும் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனபோது, இருபது நிமிடம் அன்பாகப் பேசிவிட்டு, காணி உறுதியின் பிரதியைக் கொண்டுவாருங்கள் என்றார்கள். உரக்கடைக்காரர் உறுதி கேட்கவில்லை. கடனுக்கு உரம் கொடுத்தார், அறுவடையைத் தனக்கே தரவேண்டும் என்றார், விலையை அவரே வைத்தார். அவருடைய கொப்பியில் சிவப்புப் பேனையால் அடிக்கோடிட்ட பக்கம் என்னுடையது.

மறுமொழி: வாசகர், ஹட்டன்

நல்ல உரையாடல், ஆனால் ஒரு தடை எழுப்ப விரும்புகிறேன். எல்லாவற்றையும் சட்டத்தின் தலையில் கட்டுகிறோமோ? கங்காணி பெரும்பாலும் தன் ஊராரையும் உறவினரையும் சாதியாரையும்தான் அழைத்து வந்தார். கடன்பட்டவர் ஓடாமல் இருந்ததற்கு மறியல் பயம் மட்டுமே காரணமல்ல. ஊரில் இருக்கும் தாய் தகப்பனுக்குத் தலைகுனிவு வரும் என்ற எண்ணமும், கங்காணி இல்லாவிட்டால் நோய்க்கும் சாவுக்கும் யார் கைகொடுப்பார் என்ற எண்ணமும் இருந்தன. கங்காணியும் கடனாளிதான், தோட்டத்துக்கும், சிலவேளை செட்டிமாருக்கும் அவர் பதில் சொல்லவேண்டியிருந்தது. 1921 இல் துண்டு போன பிறகும் கங்காணியின் செல்வாக்குப் போகவில்லையே.

மறுமொழி: தோட்டக் கணக்கேடுகளைப் படிப்பவர், லிந்துலை

ஹட்டன் நண்பர் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். உறவும் ஊர்மானமும் சட்டத்துக்கு முன்பே இருந்தவை. ஆனால் உறவுக்காரரிடம் பட்ட கடனை உறவுக்காரர் இன்னொருவருக்கு விற்கமாட்டார். துண்டு அந்த உறவைக் காசாக்கி, முகம் தெரியாத ஒரு துரையிடமிருந்து முகம் தெரியாத இன்னொரு துரைக்குக் கைமாற்றியது. வேலைக்கு இறங்கிய ஒவ்வோர் ஆளுக்கும் நாளுக்கு இவ்வளவு சதம் என்று கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது என்பதையும் மறக்கக் கூடாது. மாமன் முறையில் விசாரிக்க வருபவரும், காய்ச்சலில் கிடப்பவனைப் பெரட்டுக்கு எழுப்புபவரும் ஒரே ஆள். இவற்றில் எது உறவு, எது தலைக்காசு என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலாது; அந்தக் காலத்துத் தொழிலாளியாலும் இயன்றிருக்குமா என்பது சந்தேகமே.

கேட்டவரின் பதில்: வரலாற்று ஆசிரியை, கொட்டகலை

அனைவருக்கும் நன்றி. நான் கேட்ட கேள்வி ஒன்று. கிடைத்தது ஒரு தவணைக்கான பாடம்.

புதன்கிழமை இரண்டாம் பாடவேளையில் கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் பதுளை ஐயாவின் நூறு ரூபாவையும் மறுபக்கம் லிந்துலை ஐயாவின் நாற்பது ஆட்களையும் எழுதி, கணக்கை மாணவர்களையே போடச் சொல்லப் போகிறேன். அந்த நாற்பது பேர் மூன்று முறை தோட்டம் மாறினால் என்னவாகும் என்று வீட்டுவேலையும் கொடுப்பேன். வாசற்கதவைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அந்த மாணவி கண்டுபிடிக்கிறாளா என்று பார்க்கவேண்டும்.

இராகலை அண்ணாவிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தவணையில் பிள்ளைகளை வலப்பனைக்கு அழைத்துவர எண்ணியிருக்கிறேன். உங்கள் சிங்களப் பெரியவர் அரை மணி நேரம் பிள்ளைகளோடு பேசச் சம்மதிப்பாரா என்று கேட்டுச் சொல்வீர்களா? இருபத்திரண்டு பேர் வருவோம். தேநீரை நாங்களே கொண்டுவருகிறோம்.